புலம்பெயர்ந்தவர் யார்?

கேள்வி: கனடாவில் பிறந்த என் அண்ணாவின் மகளைப் 'புலம்பெயர்ந்தவள்' என்று எழுதலாமா? நாங்களும்தானே எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். எங்களுக்கு மட்டும் ஏன் 'இடம்பெயர்ந்தோர்'?
- வாசகி, தருமபுரம்

பதில்: உங்கள் அண்ணா புலம்பெயர்ந்தவர். அவர் மகள் எங்கிருந்தும் பெயரவில்லை, பிறந்த நாட்டில்தான் இருக்கிறாள். 'கனடாத் தமிழ்ப் பிள்ளை' என்று எழுதுங்கள்.

சொல் பழையது. காவிரிப்பூம்பட்டினத்தில் பல மொழி பேசும் 'புலம்பெயர் மாக்கள்' கலந்து இனிது வாழ்ந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. தங்கள் நாட்டை விட்டு அங்கே வந்து குடியிருந்தவர்கள் அவர்கள். அப்படியென்றால் புலம் என்பது விட்டுவந்த நிலம். 'புலத்திலிருந்து காசு வந்தது' என்று இப்போது எழுதுவது தலைகீழ். எங்களுக்கு அப்படி எழுதி வந்தால் 'வெளிநாட்டிலிருந்து' என்று திருத்தித்தான் போடுகிறோம்.

நாட்டெல்லைக்குள்ளேயே ஓடியவர் இடம்பெயர்ந்தவர். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்ததும், 2009இல் இறுதிப் போரின்போது நீங்கள் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று தறப்பாளைக் கழற்றிக் கழற்றிக் கட்டியதும் அதுதான். இந்தச் சொல்லைக் குறைவாக நினைக்காதீர்கள். நிவாரணமும், மெனிக் பாம் அகதி முகாம் பதிவும், மீள்குடியேற்றப் படிவமும் இதை வைத்துத்தான் நடந்தன. உங்களையும் புலம்பெயர்ந்தோரில் சேர்த்து எழுதினால், நீங்கள் பட்டது வெளிநாடு போனவர்களின் கதைக்குள் கரைந்துபோகும். அதை நான் ஒப்பமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வன்னியில் பாடசாலை மதிலிலும் கிணற்றுக் கட்டிலும் 'புலம்பெயர் உறவுகளின் அன்பளிப்பு' என்று கல் பதிக்கிறோம். நன்றி சொல்வது முறைதான். ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து, புலம்பெயர்ந்தவர் என்றால் காசு தருகிறவர் என்றே பிள்ளைகள் விளங்கி வைத்திருக்கிறார்கள். அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, வழக்குப் பேசக் கடன் வாங்கி, இரவு வேலைக்கு ஓடுகிறவரும் புலம்பெயர்ந்தவரே. அவரிடம் கொடுக்க ஒன்றும் இல்லை.

குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டுவேலைக்குப் போன நம் பெண்களோ எந்தக் கணக்கிலும் வருவதில்லை. ஒப்பந்தம் முடியத் திரும்புகிறவர்கள் என்பதால் அவர்களுக்கு 'வெளிநாட்டு வேலைக்குப் போனவர்' என்பதே பொருத்தம். அவர்கள் அனுப்பும் காசில்தான் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது, ஆனால் அவர்கள் பெயரில் ஒரு கல்லும் இல்லை. உங்கள் ஊரிலும் அப்படிப் போய் வந்தவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், போடுகிறோம்.