தம்பி பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தான். அவர்கள் தந்த டயக்னோசிஸ் காட்டில் (நோய் விவர அட்டையில்) 'அக்கியூட் சைக்கோசிஸ்', அதன் கீழே கேள்விக்குறி போட்டு 'ஸ்கீசோஃப்ரீனியா', பிறகு 'இன்சைட் புவர்' என்று இருக்கிறது. தனக்கு ஒன்றுமில்லை, மருந்து வேண்டாம் என்கிறான். அவனுக்கு விசரா (பைத்தியமா)?

இல்லை. விசர் என்பது ஊர் வைத்த பெயர், வைத்தியத்தில் அப்படி ஒரு வருத்தமே கிடையாது. நீங்கள் கேட்டிருக்கும் இந்தச் சொற்களில் இரண்டு எங்கள் வீட்டுக்கு வந்த காட்டிலும் இருந்தன. இரண்டையும் நான் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன்.

நாங்கள் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். அக்காவுக்குப் பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள் நித்திரை இல்லாமல் போனது. பிள்ளையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினார். அம்மா கட்டாடியாரைக் கூட்டி வந்து நூல் கட்டுவித்தார். நான்கு நாள் அதிலேயே போனது, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தந்த காட்டில் 'அக்கியூட்' என்று இருந்ததை, "முத்திப்போச்சாம் அம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. அக்கியூட் என்றால் திடீரென்று வந்தது, தொடங்கி அதிக நாள் ஆகாதது என்றுதான் அர்த்தம். நெடுநாள் நிற்பது 'குரோனிக்'. வருத்தம் எவ்வளவு கடுமை என்பதை இரண்டு சொல்லும் சொல்லாது. பிள்ளை பெற்ற ஆயிரம் பேரில் ஒருவர் இருவருக்கு அக்காவுக்கு வந்தது போல வருகிறது, மருந்துக்குக் கேட்கிறது.

சைக்கோசிஸ் என்பதைக் காய்ச்சல் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் டெங்குவிலும் வரும், சளியிலும் வரும். அதுபோல, எது நிசம் எது இல்லை என்பது குழம்பிப்போகும் நிலைக்குப் பொதுவாக வைத்த பெயர் இது. போதைப்பொருள், மூளையைத் தாக்கும் கிருமி, தைரொயிட் கோளாறு, பிள்ளைப்பேறு என்று பல வழியாக வரலாம். அதனால்தான் தம்பிக்கு இரத்தம் எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கேள்விக்குறிக்கு 'சந்தேகம், இன்னும் முடிவாகவில்லை' என்று பொருள். ஸ்கீசோஃப்ரீனியா என்று சொல்ல, உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி அறிகுறிகள் ஒரு மாதமாவது இருக்க வேண்டும். அமெரிக்கப் பட்டியல்படி ஆறு மாதம். தம்பி வாட்டில் இருந்ததே பன்னிரண்டு நாள் என்கிறீர்கள். ஆகவே டொக்டர் அவசரப்படாமல் எழுதியிருக்கிறார், அது நல்ல விசயம். அந்தப் பெயரே பலரைக் குழப்பும். சுவிட்சர்லாந்து டொக்டர் ஒய்கன் பிளொய்லர் 1908 இல் 'பிளவு', 'மனம்' என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து வைத்த பெயர் அது. அதனால் ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் என்று சனம் நினைக்கிறது. அது வேறு வருத்தம். இங்கே நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இசையாமல் போகிறது, அவ்வளவுதான். இந்தப் பெயர் ஆட்களை நோகடிக்கிறது என்று யப்பானில் 2002 இல் வேறு பெயரே வைத்துவிட்டார்கள். தமிழில் மனச்சிதைவு என்கிறோம். 'சிதைவு' எனக்குப் பிடிக்காத சொல். சிதைந்தது திரும்பாது என்று கேட்பவர் நினைத்துவிடுவார், பலரோ தேறி வேலைக்குப் போகிறார்கள்.

'இன்சைட் புவர்' என்பதைப் புத்தி குறைவு என்று வாசித்து நான் அழுதேன். ஏ.எல்லில் கணிதம் படித்த அக்காவுக்குப் புத்தி குறைவா என்று கோபமும் வந்தது. எழுதியிருந்தது அதுவல்ல. தனக்கு வருத்தம் இருப்பது இப்போதைக்கு அவருக்குத் தெரியவில்லை, அதுதான் விசயம். "எனக்கு ஒன்றுமில்லை, மருந்து வேண்டாம்" என்று தம்பி சொல்வதும் பிடிவாதம் இல்லை. அதுவும் வருத்தத்தின் ஒரு பகுதி.

காட்டில் வரும் இன்னும் இரண்டு சொல்லையும் சொல்லிவிடுகிறேன். இல்லாத குரல் காதில் கேட்பது ஹலூசினேஷன். அயலவர் நஞ்சு வைக்கிறார் என்பதுபோல, எத்தனை ஆதாரம் காட்டினாலும் அசையாத பொய் நம்பிக்கை டெலூஷன். ஊரே சேர்ந்து நம்புவது இதில் சேராது. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் தெய்வம் ஏறி ஆடுபவர் நோயாளி இல்லை. சடங்கு முடிந்ததும் அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

மருந்து தொடங்கிய முதல் நாட்களில் ஒன்றைக் கவனியுங்கள். கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, கண் மேலே செருகி நின்றாலோ பேய் என்று யாரும் சொல்ல விடாதீர்கள். சில மாத்திரைகள் அப்படிச் செய்யும், அதுவும் இளம் ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதலாக வரும். இரவானாலும் கிளினிக் கொப்பியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், ஊசி போட்டால் கொஞ்ச நேரத்தில் இளகிவிடும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்றுவதா குறைப்பதா என்று டொக்டர் சொல்வார். இடையில் யாரிடமாவது கேட்க வேண்டும் போல் இருந்தால் இலங்கைத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள்.