தோரியம்: அமிலம், கதிர், தூசு பற்றிச் சில கேள்விகள்

கதிரியக்க உலோகமான தோரியத்தின் துண்டு அடர் நைட்ரிக் அமிலத்தில் கரையவே மாட்டேன் என்கிறது. அமிலம் சரியில்லையா?

அமிலத்தில் குறையில்லை. அது பட்டதுமே உலோகத்தின் மேல் ஆக்சைடு படலம் படிந்து உள்ளே இருப்பதைக் காத்துவிடுகிறது. உலோகம் 1,750 டிகிரி செல்சியஸில் உருகும். ஆக்சைடு உருக 3,300க்கும் மேல் வேண்டும். பிணைப்பு அத்தனை இறுக்கம். அதைக் குலைப்பது ஃபுளூரைடு. வழக்கமான கலவை (மோலார் என்பது கரைசலின் செறிவு அலகு): 13 மோலார் நைட்ரிக் அமிலம், 0.05 மோலார் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம், 0.1 மோலார் அலுமினியம் நைட்ரேட். சூடாக்கியே கரைப்பார்கள். அலுமினியம் எதற்கு என்றால், மிச்ச ஃபுளூரைடைப் பிடித்துவைக்க; இல்லாவிட்டால் அது எஃகுப் பாத்திரத்தையும் அரிக்கும். வேகம் கூடட்டும் என்று ஃபுளூரைடை அள்ளி ஊற்றினால் கரையாத தோரியம் டெட்ராஃபுளூரைடு வீழ்படிவாகி, வேலை கெடும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் தோலுக்குள் ஊடுருவி எலும்புவரை போகும். புகைபோக்கி அறையும் கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

தோரியத்துக்கு 1,405 கோடி ஆண்டு அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) என்கிறார்கள். பிறகு, சுத்திகரித்த தோரியத்தின் காமா அளவு சில ஆண்டுகளுக்குள் மாறுவானேன்?

1,405 கோடி ஆண்டு என்பது தோரியம்-232இன் அரை ஆயுள். மாறுவது அதுவல்ல, அதன் சேய்கள், அதாவது அது சிதையச் சிதைய அடுத்தடுத்து உருவாகும் அணுக்கள். சுத்திகரிப்பில் ரேடியம்-228 நீங்கிவிடும். வேதியியல்படி தோரியமேயான தோரியம்-228 உள்ளேயே தங்கும். இதன் அரை ஆயுள் 1.9 ஆண்டு. ரேடியத்துக்கு 5.75 ஆண்டு, அதனால் அது மெதுவாகத்தான் திரும்ப உருவாகும். இந்தச் சங்கிலியில் பின்னால் வரும் சேயான தாலியம்-208 வெளிவிடும் 2.6 எம்இவி (கதிர் ஆற்றலின் அலகு) காமாவை அளந்தால், முதல் சில வாரம் ஏறும், நாலைந்து ஆண்டு வரை இறங்கும், பிறகு பல பத்தாண்டுகளுக்கு ஏறிக்கொண்டே போகும். ஆகவே சுத்திகரித்த தேதி தெரியாமல் இரண்டு மாதிரிகளை ஒப்பிடுவது வீண்.

டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் எலக்ட்ரோடால் செய்யும் மின்வில் பற்றவைப்பு) தோரியம் கலந்த சிவப்பு முனை எலக்ட்ரோடைக் கையால் பிடிக்கலாமா?

பிடிக்கலாம். அதிலுள்ள 2 சதவீத தோரியம் ஆக்சைடின் ஆல்ஃபா துகள்கள் தோலின் இறந்த மேற்படலத்தைத் தாண்டாது. ஆபத்து முனை தீட்டும்போதுதான். அந்தத் தூசு நுரையீரலில் தங்கினால் ஆல்ஃபா நேரே திசுவில் பாயும். தூசு உறிஞ்சும் கருவியோடு தீட்டுங்கள், தூசை ஈரத்துணியால் துடையுங்கள், காற்றடித்து ஊதாதீர்கள். முடிந்தால் தோரியத்துக்குப் பதில் லாந்தனம் கலந்த எலக்ட்ரோடுக்கு மாறிவிடுங்கள்.

தோரியத் தூள் தீப்பிடித்தால்?

தண்ணீர் வேண்டாம், ஹைட்ரஜன் கிளம்பும். கார்பன் டைஆக்சைடும் வேண்டாம். உலோகத் தீக்கான உலர் தூளால் மூடி, ஆறும்வரை கலைக்காமல் விடுங்கள்.