கொரியாவில் 23 லட்சம் வோன் குறைவா?

கனடா பாஸ்போர்ட்டோடு சியோல் ஹாக்வோன் (தனியார் டியூஷன் மையம்) ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்க மாதம் 23 லட்சம் வோனும் வீடும் தருவதாகச் சொல்கிறார்கள், உள்ளூர்ச் சம்பளத்தை விடக் குறைவா என்று கேட்டிருந்தீர்கள். தொகையை மட்டும் பார்த்தால் குறைவுதான். 2025-இல் குறைந்தபட்ச ஊதியமே மணிக்கு 10,030 வோன், முழுநேர வேலைக்கு மாதம் ஏறக்குறைய 21 லட்சம். ஆனால் வீடு பெரிய விஷயம். கொரிய இளைஞர்கள் ஒற்றை அறைக்கே பெரிய முன்பணமும் கட்டி, மாத வாடகையும் தருகிறார்கள். ஓராண்டு முடித்தால் சட்டப்படி ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாக வரும்.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கவனியுங்கள்: உங்களைச் சுயதொழில் செய்பவராகக் காட்டி 3.3% வரி பிடிப்பதாக ஒப்பந்தத்தில் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஓய்வூதியத்திலும் மருத்துவக் காப்பீட்டிலும் முதலாளி கட்டவேண்டிய பாதிப் பங்கு கிடைக்காமல் போய்விடும்.