மூடிய மரபணு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அக்கா மகனுக்கு ஆறு வயது. பேச்சு தாமதம், முகம் பார்ப்பதில்லை, கையை உதறிக்கொண்டே இருப்பான். வேலூரில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஃபிராஜைல் எக்ஸ் என்ற பரம்பரைக் குறைபாடு என்று வந்திருக்கிறது. மரபணு இருக்கிறது, ஆனால் மெத்தில் என்ற வேதிக் குறி ஏறி மூடிக்கொண்டது என்றார் மருத்துவர். அக்கா தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். அதனால்தான் இப்படி என்று வீட்டில் ஓயாத பேச்சு. எனக்கும் வரன் பார்க்கிறார்கள். படிக்கும்போது மூளையில் மரபணுக்கள் திறக்கும் என்று வாசித்தேன். நல்ல பயிற்சி கொடுத்தால் இதுவும் திறக்காதா? ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் ஒருவர்.

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

முதலில், தாய்மாமனைக் கட்டியதால்தான் இப்படி என்ற பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். எஃப்.எம்.ஆர்.1 என்ற அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு அப்பாவிடமிருந்து வருவது ஒய், எக்ஸ் அம்மாவிடமிருந்துதான். தாய்மாமனைக் கட்டாமல் அசலில் கட்டியிருந்தாலும் இது இப்படியே வந்திருக்கும். அக்காவும் இதைப் பிறப்பிலேயே வாங்கி வந்தவர்தான். அவர் செய்த எதனாலும் வந்ததல்ல.

அந்த மரபணுவின் தொடக்கத்தில் சி.ஜி.ஜி. என்ற மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் அடுத்தடுத்து வரும். பெரும்பாலோருக்கு 44 முறைக்குள். 55 முதல் 200 வரை இருந்தால் பிரீமியூட்டேஷன், அதாவது முழுக் கோளாறுக்கு முந்தைய நிலை. அறிவு வளர்ச்சி பொதுவாகப் பாதிக்காது, ஆனால் தாய் வழியாகப் பிள்ளைக்குப் போகும்போது தொடர் நீளலாம். 200-ஐத் தாண்டினால் கருவிலேயே அந்த இடத்தில் மெத்தில் ஏறிப் பூட்டிக்கொள்கிறது. அந்த மரபணுவின் புரதம் நரம்பு இணைப்புகளில் மற்றப் புரதங்கள் அளவுக்கு மிஞ்சி உற்பத்தியாகாமல் பிடிக்கும் பிரேக். அது இல்லாததால்தான் இந்தத் தடுமாற்றம்.

உங்கள் ஊரில் லுங்கித் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். டி.என்.ஏ. அப்படித்தான் ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றியிருக்கிறது: ஓர் உருளைக்கு 147 எழுத்து ஜோடி, இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றைக் கற்கும்போது ஹிஸ்டோனில் அசிடைல் என்ற இன்னொரு வேதிக் குறி ஏறி நூல் தளர்கிறது. நினைவைப் பதிக்க வேண்டிய மரபணுக்கள் வாசிக்கப்படுகின்றன. 2004-ல் எலிகளில் கண்டது இது: கூண்டில் அதிர்ச்சி வாங்கிய ஒரு மணி நேரத்தில் மூளையில் நினைவுக்கான பகுதியான ஹிப்போகாம்பஸில் அசிடைல் கூடியிருந்தது, மறுநாள் இறங்கிவிட்டது. மெத்திலும் அசையக்கூடியதுதான். 2007-ல் நினைவை அடக்கும் ஒரு மரபணுவில் மெத்தில் ஏறி, ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பியதைக் காட்டினார்கள். ஆகவே உங்கள் கேள்வி நியாயமானது.

ஆனால் பையனின் பூட்டு அந்த வகை அல்ல. நீண்டுபோன தொடரே அதைப் போட வைத்தது. தொடர் இருக்கும்வரை பூட்டும் இருக்கும். அசாசைட்டிடின் என்ற மருந்து ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் அதைத் திறந்திருக்கிறது. அது வேலை செய்வது பிரியும் செல்லில். மூளை நரம்புச் செல் பிரிவதில்லை. அந்த மருந்து உடம்புக்கு நஞ்சும்கூட. ஃபோலிக் ஆசிட் யோசனை பழையது. ஃபோலேட் குறைந்த ஊடகத்தில் செல்லை வளர்த்தால் எக்ஸின் நுனி முறிந்ததுபோல் தெரியும், பெயரே அதனால் வந்தது. அதை நம்பி 1980-களில் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நம்பத்தக்க பலன் கிடைக்கவில்லை. அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

பயிற்சி வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. இதே மரபணு இல்லாத சுண்டெலிகளைப் பொருட்களும் துணையும் நிறைந்த பெரிய கூண்டில் வளர்த்தபோது, புரதம் திரும்பாமலே நடத்தை தேறியது, 2005 ஆய்வு. பூட்டியிருப்பது ஒரு மரபணு. கற்பதற்கான மற்றவை வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

வீட்டில் செய்ய வேண்டியது: "என்னைப் பார்" என்று முகத்தைத் திருப்பாதீர்கள். எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருங்கள். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்படியாக அடுக்குவது கஷ்டம், முழுசாகப் பார்ப்பது எளிது. அ, ம் என்று எழுத்துக் கூட்டாமல் "அம்மா" என்ற முழுச் சொல்லையும் அம்மா படத்தையும் ஒரே அட்டையில் காட்டுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். குளியல், சாப்பாடு, பள்ளி என்று அன்றைய வரிசையைப் படமாகச் சுவரில் ஒட்டுங்கள். கூட்டமும் இரைச்சலும் கையுதறலைக் கூட்டும். காதுச் சீழ் இவர்களுக்கு அடிக்கடி வரும், அதனால் செவித்திறனைக் கட்டாயம் சோதியுங்கள். காது கேட்காவிட்டால் பேச்சு இன்னும் தாமதமாகலாம். வலிப்பு வந்தால் உடனே காட்டுங்கள்.

அடுத்து நீங்கள். அக்காவுக்கு இது உங்கள் அம்மா வழியில் வந்திருந்தால் உங்களுக்கும் இருக்கப் பாதி வாய்ப்பு. அப்பா வழி என்றால் நிச்சயம் இருக்கும், அவருடைய ஒரே எக்ஸ் எல்லா மகள்களுக்கும் போவதால். அப்பாவுக்கு ஐம்பதுக்குமேல் கை நடுக்கமோ நடையில் தள்ளாட்டமோ இருந்தால், பெண்களில் யாருக்காவது நாற்பதுக்குமுன் மாதவிடாய் நின்றிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரண்டும் பிரீமியூட்டேஷனின் அடையாளமாகலாம். உங்கள் சி.ஜி.ஜி. எண்ணிக்கை 60-க்குக் கீழ் என்றால் பிள்ளைக்கு 200 தாண்டுவது அரிது. 100-க்கு மேல் என்றால், அந்த எக்ஸ் போகும் பிள்ளைக்கு ஏறக்குறைய உறுதி.

பரிசோதனைக்கு ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். சாதாரண குரோமோசோம் சோதனையும், மரபணுக்களின் புரதம் செய்யும் பகுதிகளை வாசிக்கும் எக்ஸோம் சோதனையும் இந்தத் தொடரை எண்ணாது, எஃப்.எம்.ஆர்.1 சி.ஜி.ஜி. எண்ணிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். போகும்போது பையனின் அறிக்கை நகலைக் கையோடு எடுத்துப் போங்கள்.