மரு தானாக உதிர்ந்தது எப்படி?

குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டும் நண்பர் கேட்டது: விரலில் இருந்த மரு மருந்தில்லாமலே போய்விட்டதே, தோலிலுள்ள எதிர்ப்பு செல்களா கொன்றன?

ஆமாம், பெரும்பாலும் அவைதான். மரு என்பது வைரஸ் புகுந்த தோல் செல்களின் குவியல். 1868-இல் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மன் மாணவர் கண்ட கிளைவிட்ட செல்கள் அங்கே முக்கியமாகத் துப்புக் கொடுப்பவை. கொலை, டி செல் என்ற வெள்ளையணுவின் வேலை. அது நோயுற்ற செல்லோடு ஒட்டிக்கொண்டு, பெர்ஃபோரின் என்ற புரதத்தால் சவ்வில் துளை போடும். அந்த வழியே கிரான்சைம் என்ற நொதி நுழைந்ததும் செல் தன்னையே அழித்துக்கொள்ளும். பக்கத்துச் செல்லுக்குப் பெரிய சேதமில்லை. உள்மரம் காயப்படாமல் பட்டையை மட்டும் சீவுகிற உங்கள் கை மாதிரி. அப்புறம் அந்த டி செல் அடுத்ததைத் தேடிப் போகும்.

சரி, இதற்கு ஏன் மாதக்கணக்கு? ரத்தக்குழாய் இல்லாத மேல்தோலில் வைரஸ் பதுங்குவதால் துப்பு தாமதமாகத்தான் கிடைக்கிறது.