யார் வீட்டுக் குழியை அள்ளுவது?

அன்புள்ள அக்கா,

பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். நான்கு வருடமாக சனிக்கிழமை இரவுகளில் நண்பர்கள் ஐந்து பேர் என் வீட்டில் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன். இப்போது அந்த வெட்டுக்குத்து அலுத்துவிட்டது. வாராவாரம் ஏதோ ஒரு குகைக்குள் போவது, யாரையாவது கொன்றுவிட்டுத் திரும்புவது. அதனால் தமிழில் இதமான ஃபேன்டசி ஆட்டம் ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். மலைப்பாதையில் ஒரு சத்திரம். ஆடுகிறவர்கள் அதை நடத்துகிறார்கள். பேசும் நரிகளும் வழி தவறிய குட்டி பூதங்களும் வந்து தங்கிப் போகும். சண்டை கிடையாது. சமையல், வீட்டுவேலை மாதிரி எளிய விஷயங்கள்தான். யாரும் எதையும் இழக்க மாட்டார்கள்.

இரண்டு முறை ஆடிப் பார்த்தோம். ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் போனைக் கையில் எடுத்துவிட்டார்கள். சண்டை இல்லாமல் சுவாரசியம் எப்படி வரும்? பகடை வைப்பதா, சீட்டு வைப்பதா? ஃபைட்டர், விஸார்ட் போன்ற பாத்திர வகைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? இன்னொன்று. 'வெளியே உலகம் பற்றி எரியும்போது சத்திரத்தில் ரசம் வைத்து விளையாடுவது தப்பித்தல்' என்கிறான் ஒரு நண்பன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் வாட்ஸ்ஆப்பில் எனக்கு ஒரு படம் வந்திருந்தது. பழைய பல்லாங்குழிப் பலகை ஒன்றின் படம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அது வந்திருக்காவிட்டால் உங்களுக்கு நாலு வரியில் பதில் போட்டிருப்பேன்.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பகடையா சீட்டா என்றால், வீட்டில் எது இருக்கிறதோ அது. பெயர்களுக்காக அகராதியைப் புரட்ட வேண்டாம். சத்திரத்தில் என்ன வேலை உண்டோ அதுவே பெயர். சமையல்காரர், தண்ணீர் இறைப்பவர், கணக்குப்பிள்ளை, மாட்டுக்கொட்டில் பார்ப்பவர். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

'சமையல், வீட்டுவேலை மாதிரி எளிய விஷயங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. யாருக்கு எளியது? ஐந்து பேருக்கு அரிசி களைந்து உலையில் போட்டாயிற்று. அப்போது வாசலில் ஒன்பது பேர் வந்து நிற்கிறார்கள். ரசத்தில் இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் விடலாம், சோற்றை என்ன செய்வீர்கள்? கடைசியில் சாப்பிடுகிறவர் யார், சட்டியில் அவருக்கு என்ன மிஞ்சும், அது போதாமல் போனதை யாருக்கும் காட்டாமல் அவர் எப்படி எழுந்து கை கழுவுவார்? இதை உங்கள் அம்மாவிடம் ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? வாளை ஓங்க உங்களிடம் புத்தகம் புத்தகமாக விதி இருக்கிறது. எத்தனை தூரம் எட்டும், எத்தனை அடி விழும், கவசம் எவ்வளவு தாங்கும், எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. உலை வைப்பதற்கு மட்டும் அப்படிக் கணக்கு இல்லை. 'நீ சமைத்துவிட்டாய், எல்லோருக்கும் பிடித்திருந்தது' என்று டிஎம் சொன்னால் முடிந்தது. அதன் பிறகு உங்கள் நண்பர்கள் போனை எடுக்காமல் வேறு என்ன செய்வார்கள்?

ஒரு ஆட்டம் எதை எண்ணுகிறதோ அதைப் பற்றித்தான் அந்த ஆட்டம். முகப்புக் கதையில் நீங்கள் என்ன எழுதினாலும் சரி, ஆடுகிறவர்களின் கண் எண்ணிக்கையின் மேலேதான் இருக்கும். இதை நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

நீங்கள் ஆடும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டது. அதற்கு முன், 1971இல், செயின்மெயில் என்று பொம்மைப் படைகளை மேசையில் வைத்து ஆடும் போர் விதிகள் வந்தன. அங்கிருந்து கிளைத்ததுதான் இது. அடி, காயம், கவசம் எல்லாம் அந்த வழியில் வந்த சொத்து. ஆனால் பழைய பதிப்புகளில், பாத்திரத்தை வளர்க்கும் அனுபவப் புள்ளி எதற்குக் கிடைத்தது தெரியுமா? பெரும்பாலும் வெளியே கொண்டுவந்த பொன்னுக்கு. ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. பூதத்தைக் கொன்றால் கிடைத்தது அதோடு ஒப்பிட்டால் சொற்பம். அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் சண்டையைத் தவிர்த்தார்கள். பூதம் தூங்கும்வரை காத்திருந்தார்கள், இறைச்சித் துண்டை வீசிவிட்டு ஓடினார்கள், பேரம் பேசினார்கள். சண்டை என்பது அவர்களுக்கு நஷ்டக் கணக்கு. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பொன்னுக்குப் புள்ளி அடியோடு போய்விட்டிருந்தது. புள்ளி பெரும்பாலும் எதிரியை வெல்வதற்கே என்றானது. ஆடுகிறவர்களும் நேராகச் சண்டைக்கே போனார்கள். அதே மேசை, அதே பகடை. எண்ணும் பொருள்தான் மாறியது.

ஆகவே வாளை நீக்கினால் மட்டும் போதாது. அந்த இடத்தில் எதை எண்ணப் போகிறீர்கள்?

2006இல் ஜப்பானில் ரியோ காமியா செய்த ஆட்டம் ஒன்று ஆங்கிலத்தில் கோல்டன் ஸ்கை ஸ்டோரீஸ் என்ற பெயரில் வந்தது. மனித வடிவம் எடுக்கத் தெரிந்த நரியும் பூனையும் முயலும் ஒரு சிற்றூரில் யாருக்காவது உதவுவார்கள். அவ்வளவுதான் கதை. பகடையே கிடையாது. நீங்கள் செய்தது அழகாக இருந்தது என்று எனக்குத் தோன்றினால் நான் உங்களுக்கு ஒரு 'கனவு' தருவேன். அந்தக் கனவுகளைச் சேர்த்துத்தான் உங்கள் உறவுகள் பலப்படும். அங்கே எண்ணப்படுவது அதுதான். 2007இல் வந்த ரியூதாமா வழிப்போக்கர்களின் ஆட்டம். சண்டை உண்டு, ஆனால் ஆட்டத்தின் உயிர் நடையில் இருக்கிறது. காலையில் எழுந்ததும் இன்று உடம்பு எப்படி என்று பகடை உருட்ட வேண்டும். அப்புறம் நடை, அப்புறம் வழி, இரவில் முகாம். நடையில் தவறினால் உயிர்ப்புள்ளி பாதியாகிவிடும். செருப்புக்குக்கூட விதி இருக்கிறது. 2020 ஊரடங்கில் என் மகளுக்காக இதையெல்லாம் கற்றுக்கொண்டேன். மழையில் காட்டுக்குள் நடந்த ஒரு பகல் முழுக்க அவள் பேசாமல் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று ஒரு எதிரிகூட வரவில்லை.

இப்போது, 'யாரும் எதையும் இழக்க மாட்டார்கள்.'

தம்பி, இதுதான் உங்கள் ஆட்டத்தைக் கொல்கிறது. இதம் வேறு, வலியே இல்லாமல் இருப்பது வேறு. 2021இல் ஜே டிராகன் எழுதிய வாண்டர்ஹோம் என்ற ஆட்டம் இருக்கிறது. மிருக உருவ மனிதர்கள் அமைதியான ஊர்களின் வழியே நடந்துபோவது. அத்தனை மென்மையான ஆட்டத்தில் போரில் இருந்து திரும்பிய ஒரு பாத்திரம் உண்டு. இடுப்பில் உறையோடு வாள். அவர் எப்போது வேண்டுமானாலும் அதை உருவி எதிரில் நிற்பவரைக் கொல்லலாம், தடையே இல்லை. ஆனால் கொன்ற கணத்தில் அந்தப் பாத்திரம் ஆட்டத்தைவிட்டே போய்விடும். ஒரே ஒரு விதி. அந்த வாள் உறையிலேயே இருந்தாலும் மேசையில் எல்லோருக்கும் அதன் எடை தெரியும்.

நம் பக்கத்துப் பொருளிலிருந்தே சொல்கிறேன். மலைப்பாதைச் சத்திரம் என்றால் வழியில் சுமைதாங்கிக் கல் இருக்க வேண்டும். இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய கையும் இல்லாமல் பாரத்தை அதில் இறக்கி, இளைப்பாறி, மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போகலாம். அதைவிட இதமான பொருளை எனக்குத் தெரியாது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, ஊரார் சுமை இறக்கிக்கொள்ள ஒரு இடம். உங்கள் சத்திரத்துக்கு வெளியே அந்தக் கல்லை வையுங்கள். அது யாருக்காக வைத்தது என்பதை ஆடுகிறவர்களில் ஒருவர் மட்டும் அறிந்திருக்கட்டும்.

சரி, பலகைக்கு வருகிறேன்.

1991 டிசம்பர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியான வாரம். பெங்களூரில் தமிழர்களைத் தாக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்பது வயது. அங்கே ஸ்ரீராமபுரத்தில் ஒரு வட்டாரத்தில், அதாவது ஒண்டுக்குடித்தன வளாகத்தில் குடியிருந்தோம். நடுவில் குழாயடி, சுற்றிலும் வரிசை வீடுகள். பாதிப் பேர் தமிழ், மீதிப் பேர் கன்னடம், தெலுங்கு. அப்பா மில்லில் ஷிஃப்டுக்குப் போனவர் திரும்பவில்லை. சாயங்காலம் தெருமுனையில் டயர் எரியும் வாடை வந்தது. எதிர்வீட்டுக் கன்னடப் பாட்டி, எங்களுக்கு அஜ்ஜி, வந்து எதுவும் பேசாமல் என்னையும் என் தம்பியையும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பின்னாலேயே அம்மாவும் வந்தாள். அஜ்ஜி கதவைச் சாத்தி விளக்கை அணைத்தார். சமையலறையில் மட்டும் திரியைத் தாழ்த்தி ஒரு சிமினி விளக்கு. எங்களிடம் சொன்னது ஒன்றுதான். இன்று தமிழில் சத்தமாகப் பேசக் கூடாது.

தம்பிக்கு அப்போது ஆறு வயது. அவன் அழ ஆரம்பித்ததும் அஜ்ஜி பலகையை எடுத்தார். நாங்கள் பல்லாங்குழி என்போம், அவருக்கு அது அளகுளி மணெ. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, ஆக 70. நான்கு சேர்ந்தால் எங்களுக்குப் பசு, அவருக்கு ஹசு. நானும் தம்பியும் அஜ்ஜியின் பேத்தியும் உட்கார்ந்தோம். அஜ்ஜி ஒரு விதி போட்டார். இன்று யாரும் யாருடைய காயையும் எடுக்கக் கூடாது. பசு சேர்ந்தாலும் அங்கேயே கிடக்கட்டும். காலிக் குழியைத் துடைத்து அடுத்த குழியை அள்ளுவதும் கிடையாது.

நாங்கள் கால் மணி நேரம் ஆடினோம். அள்ளுவது, வரிசையாகப் போடுவது, அள்ளுவது, போடுவது. சலித்துப்போனது. தம்பி மறுபடி வாசல் பக்கம் பார்க்க ஆரம்பித்தான். உங்கள் நண்பர்கள் போனை எடுத்த இடம் அதுதான்.

அப்போது அவன் ஒரு காலிக் குழியில் விரலை வைத்து, 'இந்த வீட்டில் ஒன்றுமே இல்லையே, இவர்கள் என்ன சாப்பிடுவார்கள்?' என்று கேட்டான். அஜ்ஜி கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். அப்புறம் ஒவ்வொரு குழிக்கும் வட்டாரத்தில் ஒரு வீட்டின் பெயர் சொன்னார். இது உங்கள் வீடு, இது நம் வீடு, இது குழாயடிக்குப் பக்கத்து வீடு. கொட்டைகள் அரிசி. போடுகிறவர் ஏதாவது ஒரு வீட்டை முழுக்க அள்ளித்தான் ஆக வேண்டும். அந்த வீடு காலியாகும், வழியில் இருக்கும் வீடுகளுக்கு ஒவ்வொன்றாக விழும். ஒரு சுற்று முடிந்து தன் முறை திரும்பும்போதும் அந்த வீடு காலியாகவே இருந்தால் அங்கே அடுப்பு எரியவில்லை என்று அர்த்தம். மூன்று வீட்டில் அடுப்பு அணைந்தால் எல்லோரும் தோற்றோம்.

அதன் பிறகு நாங்கள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. யார் வீட்டை அள்ளுவது என்று கிசுகிசுப்பாகச் சண்டை போட்டோம். இந்த வீட்டை அள்ளினால் கடைசிக் கொட்டை எங்கே விழும், அடுத்து ஆடுகிறவள் அதை நிரப்ப முடியுமா என்று விரலால் எண்ணினோம். தம்பி எங்கள் வீட்டுக் குழியின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான். அப்பா வெளியே இருக்கிறார், அவர் வரும்போது சாதம் இருக்க வேண்டும் என்றான். அதை யாரும் அள்ளவில்லை. வெளியே யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது, அம்மா கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். அஜ்ஜியும் நடுநடுவே ஆடினார். தன் முறை வந்தபோதெல்லாம் அவர் தன் வீட்டுக் குழியைத்தான் அள்ளினார்.

அப்பா மறுநாள் பத்து மணிக்கு ரயில் பாதை ஓரமாகவே நடந்து வந்து சேர்ந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

அந்தப் பலகையின் படத்தைத்தான் அஜ்ஜியின் பேத்தி அனுப்பியிருந்தாள். வீடு மாறும்போது பரணில் கிடைத்ததாம். ஒரு ஓரம் விண்டிருக்கிறது. உங்கள் நண்பனிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். தப்பித்தல் என்று அவன் சொல்கிற சொல்லை வைத்துக்கொண்டு அன்று இரவு அந்தச் சமையலறையில் யார் முன்னால் போய் நிற்பான் என்று எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதைக் கிழித்துப் போட வேண்டாம். நரியும் குட்டி பூதமும் அப்படியே இருக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது. அரிசிப் பானைக்கு ஒரு எண் கொடுங்கள். விறகுக்கு ஒன்று, கிணற்றுக்கு ஒன்று. வருகிற ஒவ்வொரு விருந்தாளிக்கும் அவர் வாய்விட்டுக் கேட்காத ஒரு தேவை இருக்கட்டும். அதைக் கவனித்துக் கண்டுபிடித்தவருக்குப் புள்ளி கொடுங்கள். எல்லோருக்கும் போதாத ஒரு இரவை மூன்றாவது வாரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். அன்று யார் சாப்பிடாமல் படுக்கிறார் என்பதை டிஎம் முடிவு செய்யக் கூடாது, மேசையில் இருப்பவர்கள் செய்யட்டும்.

ஜனவரியில் முதல் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. உங்கள் மேசையில் இன்னொரு நாற்காலி போட முடிந்தால் வருகிறேன். புளியங்கொட்டை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அக்கா