இறக்கத்தில் எந்தப் பிரேக்?

கேள்வி: டீசல் லாரிகளிலும் மோட்டார் ஹோம்களிலும் (வீட்டு வசதியுள்ள வண்டிகள்) உள்ள எக்ஸாஸ்ட் பிரேக்கும் எஞ்சின் பிரேக்கும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக், புகைக்குழாயில் உள்ள தட்டு வால்வை மூடி, வெளியேற வழியின்றித் தேங்கும் காற்றை எதிர்த்துப் பிஸ்டன்களை உழைக்கவைக்கிறது. அழுத்தம் மிகுந்தால் எஞ்சின் வால்வுகளின் ஸ்பிரிங்குகள் தாங்கமாட்டா என்பதால் அதன் வலிமைக்கு வரம்பு உண்டு. எஞ்சின் பிரேக்கோ சிலிண்டருக்குள்ளேயே செயல்படுகிறது. எரிபொருள் நின்றிருக்கையில், பிஸ்டன் காற்றை அழுத்தி உச்சியை நெருங்கும் தறுவாயில் வெளியேற்று வால்வு திறந்துவிடுவதால், அழுத்துவதற்குச் செலவான ஆற்றல் பிஸ்டனுக்குத் திரும்பாமல் காற்றோடு போய்விடுகிறது. அப்போது எழும் படபடவென்ற ஓசைக்காகவே அமெரிக்காவின் பல ஊர்களில் தடைப் பலகைகள் நிற்கின்றன.

1931ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் கைவிட்ட லாரியோடு இறங்கி, ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பிய அமெரிக்க டீசல் எஞ்சின் தயாரிப்பாளர் கிளெஸ்ஸி கம்மின்ஸ்தான் எஞ்சின் பிரேக்கைப் பின்னாளில் உருவாக்கினார். ஜேக்கப்ஸ் நிறுவனம் 1961இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

கனமான வண்டிக்கும் நீண்ட இறக்கத்துக்கும் எஞ்சின் பிரேக்கே என் தேர்வு. நடுத்தர எடைக்கு எக்ஸாஸ்ட் பிரேக் போதும். இரண்டுமே எஞ்சின் இயக்கும் சக்கரங்களை மட்டுமே பிடிப்பதால், வழுக்கும் சாலையில் அணைத்துவைப்பது நல்லது.